மறுமொழி: மண்டபக் கல்லும் பூவர் ஐயரின் வரலாறும்

அன்பார்ந்த ஊரவர்களுக்கு,

ரொறன்ரோவிலிருந்து வாத்தியார் வளவு இளைய மகள் எழுதுகிறேன். கடந்த மூன்று கிழமைகளாக எங்கள் ஊர்க் குழுவில் வந்த கடிதங்களில் ஒன்றையும் விடாமல் வாசித்தேன். பள்ளிக்கூட மண்டபத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வேண்டும் என்ற செயலாளரின் வேண்டுகோளையும், அதற்கு லண்டனிலிருந்து டிஸ்பென்சர் வீட்டு அண்ணா காசுக் கணக்கைப் பற்றிக் கேட்ட ஏழு கேள்விகளையும், அந்தக் கேள்விகளை அவமானமாக எடுத்துக்கொண்டு நோர்வேயிலிருந்து ஆலடி ஐயா எழுதிய நீண்ட மறுப்பையும், அதன்பின் இருவரும் மாறி மாறி எழுதியவற்றையும் பார்த்தபின்பும் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் சிறப்பு மலருக்கு, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் நடத்திய அமெரிக்க மிசனரி டானியல் பூவர் ஐயரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். அதை எழுதி முடித்துவிட்டுப் பேசுவோம் என்றிருந்தேன். எழுதி முடித்தபோது, நாம் இப்போது பிடித்திருக்கும் சண்டைக்கு நேர் எதிரே அந்த மனிதரின் வாழ்க்கை வந்து நிற்பதைக் கண்டேன். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், மாசியில் ஊருக்குப் போய் வந்த என் சின்னம்மாவின் மகள் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தின் கூரை ஒழுகுவது உண்மை. ஓடு மாற்ற வேண்டும். ஆனால் இடித்துக் கட்ட வேண்டிய நிலையில் அது இல்லை. அவளை வருத்தியது வேறு. இரண்டு தவணைகளாகக் கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. உயர்தரம் படித்து முடித்த ஒரு பிள்ளை பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து, ஒரு சதமும் வாங்காமல் தொண்டராசிரியையாக ஆறாம் ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். தைப்பொங்கலோடு தனக்கு வேறு வேலை தேட வேண்டியிருக்கும் என்று அவள் சொன்னாளாம். அலுவலக அலுமாரியில் பழைய இடாப்புகள் கறையான் பிடித்துக் கிடக்கின்றன. இவை இரண்டைப் பற்றியும் செயலாளரின் வேண்டுகோளில் ஒரு வரியும் இல்லை. மண்டபத்தின் முகப்பில் பதிக்கப்போகும் கல்லைப் பற்றியும், எவ்வளவு கொடுத்தவர்களின் பெயர் அதில் எந்த அளவு எழுத்தில் வரும் என்பதைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது.

ஆலடி ஐயா, "வெள்ளைக்காரப் பாதிரி ஒருவரின் புகழை எங்கள் மலரில் ஏன் பாட வேண்டும், அவர்கள் ஆட்சியோடு வந்தவர்கள், சுகமாக இருந்துவிட்டுப் போனவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதுக்கும் நீங்கள் ஊருக்குச் செய்தவற்றுக்கும் மதிப்புக் கொடுத்தே சொல்கிறேன், அது பிழை.

பூவர் ஐயர் ஆங்கில ஆட்சியோடு வந்தவர் அல்லர். 1789 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்ற ஊரில் பிறந்து, டார்ட்மத் கல்லூரியிலும் அன்டோவர் இறையியற் கல்லூரியிலும் படித்தவர். 1815 ஒக்ரோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்தில் மனைவி சூசனோடும் தோழர்களோடும் கப்பல் ஏறி, ஐந்து மாதம் கடலில் கழித்து, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தெல்லிப்பழைக்கு வந்தபோது, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விட்டுப்போன கோவில் கூரையில்லாமல் நின்றது. அதன் பக்கத்து வீட்டைத் திருத்திக் குடியிருந்து, அந்த ஆண்டே பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை அங்கேதான் காண்கிறது. ஆங்கில அரசு இவர்களைத் தாங்கிப் பிடிக்கவும் இல்லை. 1820 இல் அச்சுத் தொழில் தெரிந்த ஜேம்ஸ் கரற் என்பவர் இவர்களுக்கு உதவியாக வந்து சேர்ந்தபோது, கவர்னர் பான்ஸ் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். 1833 வரை புதிதாக ஓர் அமெரிக்க மிசனரியும் வர முடியவில்லை. வந்த சிலரும் நிலைக்கவில்லை. எட்வர்ட் வாரன் 1818 இலும் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1822 இலும் நோயால் இறந்தார்கள். சூசன் 1821 இல் தெல்லிப்பழையில் இறந்தார். பூவர் ஐயருக்கு அப்போது 31 வயது. அவர் திரும்பிப் போகவில்லை. சுகமாக இருந்தார் என்று சொல்லுமுன் இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் எதற்காக வந்தார் என்பதை நான் மலரில் மறைக்கவில்லை. எங்களைக் கிறிஸ்தவர்களாக்க வந்தார். பள்ளிக்கூடம் அதற்கு வழி என்று நம்பினார். அந்த நோக்கத்தை எதிர்த்து வண்ணார்பண்ணையில் 1848 இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் என்பதையும், மிசன்காரர் கொண்டுவந்த வகுப்பு முறையையும் அச்சுப் புத்தகத்தையும் கையில் எடுத்தே அவர்களோடு மல்லுக்கட்டினார் என்பதையும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறேன். நாங்கள் சைவர்கள். அப்பா சாகும்வரை நல்லூர்த் தேருக்குப் போகாமல் இருந்தது இடம்பெயர்ந்த ஆண்டுகளில் மட்டும்தான். ஆனால் எழுத்து எந்த வாசலால் எங்கள் வீட்டுக்குள் வந்ததென்பதை நான் மறக்க முடியாது.

அந்த நாளைய மிசன் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எப்படி நடந்தன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பணச் சண்டைக்கான விடை அங்கேதான் இருக்கிறது. பெரிய கட்டடம் எதுவும் இல்லை. கிடுகு வேய்ந்த கொட்டில், மணலில் எழுதும் பிள்ளைகள், ஓலைச் சட்டம். ஆசிரியர் பெரும்பாலும் அதே ஊர்ச் சைவர். வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளை எண்ணியே அவருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. பிள்ளை வராவிட்டால் காசு குறையும். ஆகவே ஆசிரியர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். பூவர் ஐயரும் தோழர்களும் ஒவ்வொரு கொட்டிலாகப் போய்த் தலை எண்ணி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அந்தத் தொகைகளை மிசனின் தலைமையகம் இருந்த பொஸ்ரனுக்கு எழுதினார்கள். அவை அங்கே 'மிசனரி ஹெரால்ட்' இதழில் அச்சாகி, காசு கொடுத்த விவசாயியும் தையற்காரியும் வாசிக்கும்படி வந்தன. டிஸ்பென்சர் வீட்டு அண்ணா கேட்கும் கணக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊர்களிலிருந்து கடல் கடந்து போயிருக்கிறது. கணக்குக் கேட்பது ஊரை அவமதிப்பது என்று இனி ஒருவரும் எழுத வேண்டாம். பொருளாளர் 2011 ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தாங்கிக் கணக்கையும் இந்த மாதமே பற்றுச்சீட்டுகளோடு இங்கே இட வேண்டும். அண்ணா, நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். அந்தக் கணக்கை எழுதிய மனிதர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகள் இந்தக் குழுவில் இருக்கிறாள். கேள்வியைக் கேளுங்கள், அவரைப் பற்றி நீங்கள் எழுதிய "விழுங்கினார்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

இனிப் பெயர் விடயம். அமெரிக்காவில் காசு கொடுத்தவர்களுக்கு மிசன் ஒரு வசதி செய்து கொடுத்தது. விடுதிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்பவர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம். அப்படித்தான் சங்குவேலிச் சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். 1841 இல் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கி நடத்திய இருவரின் பெயர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இரண்டு பேரும் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழர்கள். கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவரின் பெயரைச் சாகும்வரை சுமந்தார்கள். நெவின்ஸ் தமிழில் 'நியாய இலக்கணம்' எழுதினார், ஆர்னல்ட் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார், அந்த நூல்களின் முகப்பில் கொடையாளியின் பெயர் இன்னும் இருக்கிறது. பூவர் ஐயரின் வாழ்க்கையில் என் மனம் ஒப்பாத இடம் இதுதான். காசைக் கொண்டுவர அது தேவைப்பட்டது என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். வயிற்றுப்பாட்டுக்காக விடுதிக்கு வந்த ஒரு பிள்ளையின் தாய் வீட்டில் எந்தப் பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிட்டாள் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொடுப்பவரின் பெயரை வாங்குபவரின் நெற்றியில் எழுதும் வழக்கம் அன்று பிள்ளைகளின் மேல் நடந்தது. இன்று நாங்கள் அதை மண்டபச் சுவரில் செய்யப் போகிறோம். ஐந்து இலட்சத்துக்குப் பெரிய எழுத்து, ஒரு இலட்சத்துக்குச் சிறிய எழுத்து என்ற அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நொந்தது.

1823 இல் பூவர் ஐயர் வட்டுக்கோட்டைக்குப் போய், அங்கே தொடங்கிய செமினறி என்ற மிசன் உயர்கல்விக்கூடத்தை 1836 வரை நடத்தினார். 1823 தொடக்கத்தில், நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிசனரி நைட் ஐயரின் சகோதரி ஆன் என்பவரை மணந்திருந்தார். செமினறியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பித்த அதே வேளையில் நன்னூலும் குறளும் படிப்பித்தார்கள். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தைப் பற்றி ஆலடி ஐயா எழுதியிருந்தீர்கள். பஞ்சாங்கம் கணித்த வட்டுக்கோட்டை விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பில் கிரகணம் தொடங்கும் நேரம் கால் மணி பிழை என்று பூவர் முன்கூட்டியே சொல்லி, அந்த இரவு கூட்டத்தைக் கூட்டிவைத்துக் காட்டினார் என்பது உண்மை. அதில் எங்கள் நூல்களின் மேலுள்ள நம்பிக்கையை உடைக்கும் நோக்கம் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த இரவுக்குப் பின் செமினறிப் பையன்கள் தாங்களே கிரகணம் கணிக்கப் படித்தார்கள். 1840களில் கொழும்பில் அரசின் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், இந்தச் செமினறியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கே வைக்கலாம் என்று எழுதினார். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் தமிழைக் கெடுத்தான் என்று ஒரே வரியில் முடிப்பதற்கு இந்த வரலாறு இடம் கொடுக்காது.

ஒரு குறையை நான் மறைக்க மாட்டேன். செமினறிக்குப் பெரும்பாலும் போனது யாருடைய பிள்ளைகள் என்பது உங்களுக்குத் தெரியும். சமையற்கட்டிலும் பந்தியிலும் ஊரின் சாதி ஒழுங்குக்கு மிசன் இடங்கொடுத்தே தொடங்கியது. எங்கள் ஊரில் அது நூறு ஆண்டுகள் கழித்தும் தீரவில்லை. என் அம்மம்மா மிசன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை நிலத்தில் இருந்து படித்தவர். வாங்கில் இருக்க விடவில்லை. சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1930 அளவில் அரசு உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. எங்கள் கொட்டிலுக்கு நெருப்பு வைத்தது யார் என்பதை அம்மம்மா பெயர் சொல்லித்தான் எங்களிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. "எங்கள் முன்னோர் காணி கொடுத்துச் சகலருக்கும் கல்வி கொடுத்தார்கள்" என்று ஆலடி ஐயா எழுதியதைப் படித்தபோது அதை எண்ணிக்கொண்டேன். காணி கொடுத்தது உண்மை, நன்றி. 1983 இல் அப்பா யாருக்காகப் பிணை நின்றார் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். கொடுத்ததைக் கல்லில் எழுதுவதானால் அந்தக் கல்லில் இவையெல்லாம் வர வேண்டும், இடம் போதாது.

இப்போது முக்கியமான ஆண்டுக்கு வருகிறேன். 1836 இல் பூவர் மதுரைக்குப் போனார். அங்கே 37 பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றுக்கும் போய் வந்தார் என்றும், தெருக்களில் குதிரை மேல் இருந்தபடியே மக்களோடு பேசினார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர் மதுரையில் இருந்தபோது, 1837 இல், அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன. பொஸ்ரனிலிருந்து வரும் காசு வெட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஒரேயடியாக மூடப்பட்டு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கிரகணம் கணித்த ஊரில் கொட்டில் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை. கொடுப்பவர் வெளிநாட்டில் இருக்கும் எந்தத் தருமத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. எங்களில் எத்தனை பேருக்கு வேலை போனால் மாதக் காசு நிற்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் இந்தக் குழுவில் இல்லை. இன்னும் இருபது ஆண்டில் இந்த ஊருக்கு அனுப்ப யார் இருப்பார்கள்?

பூவர் ஐயர் 1841 இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1848 இல் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராக மிசனுக்காகப் பேசிவிட்டுத் திரும்பி மானிப்பாயில் இருந்தார். 1855 பெப்ரவரித் தொடக்கத்தில் கொலராவால் அங்கேயே இறந்தார். வயது 65. அதே ஆண்டு பொஸ்ரனிலிருந்து வந்த மிசன் மேலாளர்கள் கொள்கையை மாற்றி, ஆங்கிலத்தில் உயர்கல்வி கொடுப்பது மிசனின் வேலை இல்லை என்று முடிவெடுத்துச் செமினறியை மூடினார்கள். 32 ஆண்டு உழைப்பு. பின்னர் அங்கே படித்தவர்களும் ஊரவர்களும் கேட்டு, தாங்களும் காசு சேர்த்து, 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1837 இலும் 1855 இலும் முடிவு கடலுக்கு அப்பாலிருந்தவர்களால் எடுக்கப்பட்டது. 1872 இல் ஊரவரும் எடுத்தார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. 18 இலட்சத்தில் ஓடு மாற்றுவதற்கு எவ்வளவு வேண்டும் என்று ஊரில் இருக்கும் மேசன் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். மீதியை ஊர் வங்கிக் கிளையில் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் நிலையான வைப்பாக இட்டு, அதன் வட்டியில் அந்தத் தொண்டராசிரியைக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். முதலைத் தொடுவதற்கு வெளிநாட்டில் இருக்கும் எங்களில் ஒருவருக்கும் கையெழுத்து உரிமை இருக்கக்கூடாது. ஊரில் இருக்கும் மூவர் கையெழுத்திடட்டும். அவர்களில் ஒருவராவது வடக்குத் தெருவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். முகப்பில் கல் வேண்டாம். இதற்குச் சம்மதமானால் என் பங்காக 2,000 டொலரை இந்தக் கிழமையே அனுப்புகிறேன். கல் வருவதானால் அனுப்பமாட்டேன், என் கட்டுரையையும் மலரிலிருந்து எடுத்துவிடுங்கள். 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அது அரசாங்கப் பள்ளிக்கூடம், ஆசிரியர் போடுவது அரசின் கடமை என்று அண்ணா எழுதுவார் என்பது தெரியும். கடமைதான். கல்வித் திணைக்களத்துக்கு விண்ணப்பமும் எழுதுவோம். அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அவர்கள் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

இன்னொரு வேண்டுகோள். வைகாசியில் ஊருக்குப் போவதாக எழுதியிருந்த கிளாக்கர் வீட்டுத் தங்கச்சி இதை வாசித்தால், அலுமாரியில் கிடக்கும் இடாப்புகளை வெளியே எடுத்து வெயிலில் காய வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து இங்கே அனுப்பிவிட வேண்டும். அதிபரிடம் நான் எழுதி அனுமதி கேட்டு வைக்கிறேன். 1920களின் இடாப்பில் அம்மம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவருடைய இயற்பெயர் எங்களுக்குத் தெரியாது. ஊரில் எல்லாரும் அவரைச் சின்னப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

வணக்கத்துடன்,
வாத்தியார் வளவு இளைய மகள்
ரொறன்ரோ